பில்லு இல்லாம வாங்குன "ஹெர்பல்" கேப்சூல், ரெண்டு வருஷம் தடை - கிக்பாக்ஸிங் பசங்க கண்டிப்பா படிங்க

ரொம்ப நாளா இத எழுதலாமா வேணாமானு யோசிச்சுட்டே இருந்தேன், அசிங்கமா இருந்துச்சு, ஆனா அதே கடையில இன்னும் பசங்க போய் வாங்குறாங்கனு தெரிஞ்சதும் சரி எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கடை பேரு, ஊரு எதுவும் போடல, கேக்காதீங்க.

நான் லோ கிக்ல (தொடையிலயும் உதைக்கலாம்னு இருக்குற கிக்பாக்ஸிங் வகை) 63.5 கிலோ கேட்டகிரி. சும்மா இருக்கும்போது 68 இருப்பேன். நேஷனல்ஸுக்கு மூணு நாள் முன்னாடி பாத்தா 65.2, அதுக்கு கீழ எறங்கவே மாட்டேங்குது. சாப்பாடு, உப்பு, தண்ணி எல்லாத்தையும் கொறச்சாச்சு, ரெயின்கோட் போட்டு ஓடியும் பாத்தாச்சு. மாஸ்டர்தான் "எனக்கு தெரிஞ்ச சப்ளிமென்ட் கடை இருக்கு, போய் என் பேர சொல்லு"ன்னாரு.

கடைக்காரர் உள்ள போய் ஒரு ஜிப்லாக் கவர்ல இருபது சிவப்பு கேப்சூல் எடுத்துட்டு வந்தாரு. லேபிள் இல்ல, டப்பா இல்ல. "என்னண்ணே இது"ன்னு கேட்டேன். "மூலிகை தம்பி, உடம்புல இருக்க கெட்ட நீரெல்லாம் எடுத்துரும், இந்த டிஸ்ட்ரிக்ட்ல பாதி பேரு இதான் சாப்புடுறான்"னாரு. 1,400 ரூபா. ஜிபே வேணாம், கேஷா குடுனு சொன்னாரு பாருங்க, அப்பவே எனக்கு மண்டையில ஏறிருக்கணும்.

வெயிட் எறங்குச்சு, அத இல்லனு சொல்லல. ராத்திரி பூரா பாத்ரூம், காலைல கெண்டைக்கால் இழுத்து பிடிச்சுக்கிச்சு, நெஞ்சு படபடனு அடிக்குது, வெயிட்-இன்ல 63.3. பொட்டாசியம் எல்லாம் மூத்திரத்துலயே போயிருக்குனு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரியும், இதயத் துடிப்பே தாறுமாறா போயிருக்கலாமாம்.

ஃபைட் முடிஞ்சு கையில சுத்துன துணிய கூட அவுக்கல, ஒருத்தர் வந்து நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) டெஸ்ட்டுனு கையெழுத்து வாங்குனாரு. கூடவே நின்னு பாப்பாங்க, மூத்திரம் 90 மில்லி வேணும், ஏ பாட்டில் பி பாட்டில்னு பிரிச்சு சீல் வைப்பாங்க. அந்த ஃபார்ம்ல கடைசி ஏழு நாள்ல என்னென்ன சாப்ட்டனு ஒரு கட்டம் இருக்கும். புரோட்டீன், வைட்டமின் சி ரெண்டையும் எழுதுனேன், கேப்சூல எழுதல, மூலிகைதானேனு விட்டுட்டேன். இது தப்பு முழுக்க என்னோடது.

கொஞ்ச நாள் கழிச்சு மெயில், மூத்திரத்துல தடை மருந்து இருக்குனு. ஃப்யூரோசமைட். ஆஸ்பத்திரியில கால் வீக்கத்துக்கும் இதய நோயாளிக்கும் குடுக்குற நீர் மாத்திரைதான் அது, அத பொடியாக்கி கேப்சூல்ல அடைச்சு மூலிகைனு வித்துருக்கான். வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) லிஸ்ட்ல நீர் மாத்திரைக்கு போட்டி அன்னிக்கு மட்டும்னு இல்ல, வருஷம் பூரா தடை. எடைய கொறைக்கிறதுக்காக மட்டும் இல்ல, மூத்திரத்த தண்ணியாக்கி வேற மருந்த மறைச்சுடும்னும்தான்.

கடைக்கு ஓடுனேன். "நான் அப்டி எதுவும் குடுக்கலயே தம்பி, பில்லு இருக்கா"ன்னாரு. மாஸ்டர் "என்ன இதுல இழுக்காத"ன்னு போன வச்சுட்டாரு. பத்து வருஷமா அவருக்கு கிக் பேட் புடிச்சிருக்கேன்ங்க.

சட்டம் என்னன்னா, உன் உடம்புல இருந்தா நீதான் பொறுப்பு, யாரு குடுத்தா எப்டி வந்துச்சுங்கறது அப்பறம். கலப்படம்னு நிரூபிச்சா தண்டனை கொறையும், சில கேஸ்ல வெறும் எச்சரிக்கையோட கூட விட்டுருக்காங்க. ஆனா நிரூபிக்க பில்லு வேணும், பேட்ச் நம்பர் வேணும், சீல் ஒடைக்காத டப்பா வேணும். என்கிட்ட பிரிச்ச ஜிப்லாக் கவர், அவ்ளோதான். வக்கீல் 2011 கேஸ சொன்னாரு, நம்ம 4x400 ரிலே பொண்ணுங்க சாப்ட்ட ஜின்செங்லதான் (ஒரு மூலிகை வேர்) தடை மருந்து கலந்திருக்குனு சொன்னாங்க, முதல்ல ஒரு வருஷம் குடுத்து, அடுத்த வருஷமே சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அத ரெண்டா ஆக்கிடுச்சு.

எனக்கும் ரெண்டு வருஷம். கே-1 கிக்பாக்ஸிங்ல பேர் வாங்குன குரோஷியா ஃபைட்டர் கிரோ காப் தெரியும்ல, 2015ல தோள்பட்டை காயத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் போட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு, அவருக்கும் ரெண்டு வருஷம்தான். தெரிஞ்சு போட்டவருக்கும் அதே, தெரியாம முழுங்குனவனுக்கும் அதே!

தடைனா போட்டி மட்டும்னு நெனச்சேன். இல்லங்க, ஃபெடரேஷன்ல பதிவான கிளப்ல பிராக்டிஸ் கூட கூடாது, கடைசி ரெண்டு மாசம்தான் உள்ள விடுவாங்க. சின்னப் பசங்களுக்கு கோச்சிங் குடுக்கறதும் போச்சு. ஆபீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு போட்டிருந்த அப்ளிகேஷனும் போச்சு.

மருந்து பேரு தெரிஞ்சா வாடா லிஸ்ட்ல தேடிப் பாக்கலாம், பேரே இல்லாத கேப்சூல என்னனு தேடுறது? எடை எறங்கலையா, அடுத்த கேட்டகிரி 67ல ஆடுங்கடா, தோத்தா தோத்துட்டு போங்க.

கவர்ல இன்னும் ஆறு கேப்சூல் மிச்சம் இருக்கு, தூக்கிப் போட மனசு வரல. போன வாரம் ஜூனியர் பையன் ஒருத்தன் "அண்ணா இது ஓகேவா"னு ஒரு போட்டோ அனுப்புனான். அதே ஜிப்லாக், அதே சிவப்பு. வெல மட்டும் 1,800 ஆயிருக்கு.