புள்ளி எதற்குக் கிடைக்கிறது? கஹூட், டுவோலிங்கோ, கான் அகாடமி

விளையாட்டுக் கூறுகளைக் கொண்டு கற்பிக்கும் செயலிகளில் எதை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம் என்று ஆராயும்போது, கணக்கு ஆசிரியரான நான் முதலில் பார்ப்பது மாணவருக்குப் புள்ளி எதற்காகத் தரப்படுகிறது என்பதைத்தான்.

நார்வேயில் உருவாகி 2013-இல் வெளிவந்த வினாடி வினாச் செயலியான கஹூட்டின் வழக்கமான முறையில், சரியான விடைக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள் கிடைக்கும். விடையளிக்கத் தாமதமாகும்தோறும் அது பாதி வரை குறையும். சோர்ந்துபோன வகுப்பை நிமிர்ந்து உட்கார வைப்பதில் இதற்கு ஈடில்லை. ஆனால் 3/4, 5/8 ஆகியவற்றுள் பெரியது எது என்று நான் கேட்ட அன்று, வினாவைப் படித்து முடிப்பதற்குள் ஒரு மாணவன் குத்துமதிப்பாகச் சிவப்பு முக்கோணம் உள்ள விடைப் பொத்தானைத் தொட்டு முதலிடம் பெற்றான். நோட்டின் ஓரத்தில் 3/4-ஐ 6/8 என மாற்றி எழுதி, சரிபார்த்த பிறகு அதே விடையைத் தொட்ட மாணவியின் பெயர் முதல் ஐவர் பட்டியலில் வரவே இல்லை. பின்னத்தைப் புரிந்துகொண்டிருந்தவள் அவள்தான்.

மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ அன்றாட வருகையைப் போற்றுகிறது. இடைவிடாமல் படித்த நாட்களின் எண்ணிக்கையைத் தீச்சுடருடன் காட்டும் அதன் உத்தி, தினப்பழக்கம் தேவைப்படும் மொழிக் கல்விக்கு மிகவும் ஏற்றது. பயனர்களைப் புள்ளிப்படி வரிசைப்படுத்தும் வாராந்தர லீக் பட்டியலோ, புள்ளிக்காகத் தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்யும் ஆசையைக் கிளப்பிவிடுகிறது.

கணக்கு முதலிய பாடங்களில் பயிற்சி தரும், ஆரவாரம் குறைந்த கான் அகாடமியையே நான் மேலாகக் கருதுகிறேன். பயிற்சியில் 70 விழுக்காடு சரியாக இருந்தால் ஒரு நிலை, அனைத்தும் சரியென்றால் அடுத்த நிலை, அலகுத் தேர்விலும் தவறாமல் செய்தால் முழுத் தேர்ச்சி என்று மாணவர் ஏறுகிறார். தேர்வில் தவறினால் நிலை இறங்கும், மீண்டும் முயன்று ஏறலாம். துரத்தும் கடிகாரம் இல்லாததால், நோட்டில் போட்டுப் பார்ப்பவருக்கு இங்கே இழப்பில்லை. ஆயினும் கணக்கின் மீது வெறுப்புக் கொண்ட பிள்ளையை இது தானாக இழுத்து உட்கார வைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரைவதில் ஏற்கெனவே நாட்டமுள்ள மழலையரிடம், பரிசு உண்டென்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னபோது, பின்னாளில் அந்த நாட்டம் குறைந்ததையும், எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அப்படிக் குறையாததையும் அமெரிக்காவில் 1973-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, ஆர்வமாகப் படிக்கும் மாணவர்முன் தரவரிசைப் பட்டியலை நாள்தோறும் நீட்டுவதை நான் தவிர்க்கிறேன். பாடம் நடத்தும் நாட்களில் கான் அகாடமியைப் பயன்படுத்துகிறேன். திருப்புதலுக்கு மட்டும் வாரம் ஒருமுறை கஹூட் வைக்கிறேன், அதிலும் விடைக்கான காரணத்தை எல்லோரும் நோட்டில் எழுதி முடித்த பிறகே விடைப் பொத்தான்களைத் தொட அனுமதிக்கிறேன்.