சிறப்புரைக்கு எழுத்தாளரைக் கூட்டி வருகிறோம் என்று 175,000 ரூபாவை விழுங்கிவிட்டார்கள்: யாழ்ப்பாணத்துச் சங்கங்கள் கவனம்

நினைவுப் பேருரை, மகளிர் தின விழா, பரிசளிப்பு என்று பேச்சாளர் தேடும் பழைய மாணவர் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், மகளிர் அமைப்புகள் எல்லோரும் இதை வாசியுங்கள். சமூகப் பிரச்சினைகள் பற்றி எழுதுகிற, பத்திரிகையாளரும் எழுத்தாளருமான ஒருவரைச் சென்னையிலிருந்து சிறப்புரைக்கு ஒழுங்குசெய்து தருகிறோம் என்று ஓர் இணையத்தளம் எங்கள் விழாக் குழுவிடம் 175,000 ரூபா வாங்கியது. ஆளும் வரவில்லை, காசும் வரவில்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் தளத்தின் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்கிற வேலையை மட்டும் விபரமாக எழுதுகிறோம்.

பேச்சாளர்களைப் பதிவு செய்து தரும் தளம் அது. பக்கம் முழுக்க எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகளின் படங்கள். படத்துக்குக் கீழே புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து எடுத்த நாலு வரி. கட்டணம் எவ்வளவு என்று இராது, 'கேட்டறியவும்' என்று மட்டும் இருக்கும். இப்படிப் படம் போடுவதற்குப் பேச்சாளரின் சம்மதம் தேவையில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள பெரிய ஓட்டை. ஒழுங்கான முகவர்களிலும் சிலர் தங்களோடு ஒப்பந்தம் இல்லாத ஆட்களைப் பட்டியலில் வைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் விசாரணை வந்ததும் உண்மையிலேயே அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். கட்டணத்தில் 20 முதல் 30 வீதம் தரகாக எடுப்பது அவர்களின் வழக்கம். இங்கே அந்த ஆளிடம் யாரும் கேட்கவே இல்லை.

நம்பிக்கை வந்தது அவர்களின் ஒருங்கிணைப்பாளர் எடுத்த அழைப்பில். நல்ல மரியாதையான பேச்சு. எத்தனை பேர் வருவார்கள், அதில் மாணவர் எத்தனை, வீரசிங்கம் மண்டபத்தில் கையில் பிடிக்கிற மைக்கா சட்டையில் குத்துகிற மைக்கா, உரை 40 நிமிடமும் கேள்வி நேரம் 20 நிமிடமும் போதுமா, ஒளிப்பதிவு செய்து யூடியூப்பில் போடப்போகிறீர்களா, பின்வரிசையில் புத்தக விற்பனைக்கு மேசை கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓர் உண்மையான முகவர் கேட்கவேண்டிய கேள்விகள் அத்தனையும் அதில் இருந்தன. கடைசியில், 'மேடம் யாழ்ப்பாணம் வர எவ்வளவோ காலமா ஆசைப்பட்டவ ஐயா, நுண்கடன் பற்றித்தான் கதைக்க வேணும் எண்டு அவவே சொன்னவ' என்றார் (நுண்கடன் என்றால் ஏழைப் பெண்கள் கிழமைத் தவணையில் கட்டுகிற சிறு கடன்). அந்த ஒரு வசனத்தோடு குழுவில் எல்லோருக்கும் மனம் இளகிப் போனது.

பிறகு உறுதிக் கடிதம் வந்தது. எழுத்தாளரின் பெயரில், கையொப்பத்தோடு. அந்தக் கடிதத்தைப் பெருப்பித்துப் பாருங்கள் என்று இப்போது எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறோம். கையொப்பத்துக்கு மேலே, காரணமில்லாமல் ஒரு சின்னப் புள்ளி நிற்கிறது. புள்ளிக்குக் கீழே ஓர் எழுத்தின் வளைவில் பாதி. அது 'அன்புடன்' என்ற சொல்லின் கடைசி எழுத்து. யாரோ வாசகருக்குப் புத்தகத்தில் அவர் போட்டுக் கொடுத்த கையொப்பத்தைப் படம் பிடித்து, மேலே இருந்ததை வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெட்டியது சரியாக வெட்டுப்படவில்லை. மையைச் சுற்றி மட்டும் காகிதம் மங்கல் மஞ்சளாக இருக்கிறது, கடிதத்தின் மற்ற இடமெல்லாம் பளிச்சென்ற வெள்ளை.

மொத்தக் கட்டணம் 350,000, அதில் பாதி முற்பணம். பாதி முற்பணம் கேட்பது இந்தத் தொழிலில் வழமைதான், அதனால் அது ஒன்றும் உறுத்தாது. 175,000 ரூபா. அங்கத்தவர் சந்தாவிலும், கஸ்தூரியார் வீதிக் கடைகளில் ஏறி இறங்கி நினைவு மலருக்கு வாங்கின விளம்பரத்திலும் சேர்ந்த காசு அது. வங்கிச் செயலியால் உடனடிப் பரிமாற்றமாகப் போனது. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, தனியாள் ஒருவரின் பெயரில் என்பது பிறகு வங்கி சொல்லித்தான் தெரிந்தது. அனுப்பும்போது நிறுவனத்தின் பெயரைத்தான் போட்டோம். உடனடிப் பரிமாற்றத்தில் கணக்கு இலக்கம் சரியென்றால் காசு போய்ச் சேர்ந்துவிடும். பெயர் ஒத்து வருகிறதா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. போன காசை அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் திருப்ப முடியும் என்கிறார்கள்.

அடுத்ததாக விசாக் கட்டணமும் விமானச் சீட்டும் கேட்டார்கள். கருத்தரங்குக்கு வருகிறவர் ஈடிஏ எனும் இணையவழிப் பயண அனுமதியை வணிக நோக்கப் பிரிவில் எடுக்கவேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் இலக்கம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. அழைப்பவர்கள் நாங்கள், எங்களிடம் அழைப்புக் கடிதம் கேட்கவில்லை. அனுமதியின் பிரதி கேட்டால் காட்டவில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு எந்த விமானம், எத்தனை மணிக்கு என்றால் அதற்கும் பதில் இல்லை. காசு மட்டும் உடனே வேணும். அந்த இடத்தில் எழுத்தாளரின் பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் போட்டோம். அவரே பதில் எழுதினார். அப்படியொரு நிறுவனத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் விழா நாளில் அவருக்குத் தன் ஊரிலேயே வேறு நிகழ்ச்சி.

இனித்தான் அலைக்கழிப்பு. முதலில், 'மேடம் பயணத்தில நிக்கிறா, உதவியாளர்தான் மாறிச் சொல்லிப்போட்டார்.' எழுத்தாளரின் பதிலை அனுப்பியதும் அந்த ஒருங்கிணைப்பாளர் காணாமல் போய், நிதிப் பிரிவு என்று வேறொருவர் வந்தார். கோரிக்கை இலக்கம் ஒன்று தந்தார். அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதினால், உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று இயந்திரம் பதில் போடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 175,000 ரூபாவும் திடீரென்று முற்பணம் இல்லாமல் 'திகதி ஒதுக்கல் கட்டணம்' ஆகிவிட்டது, திருப்பித் தர முடியாதாம். ஒதுக்கப்படாத திகதிக்கு என்ன கட்டணம் என்று கேட்டதற்கு, அதே தகுதியுள்ள இன்னொரு பேச்சாளரைத் தருகிறோம், ஒப்பந்தத்தில் அந்த உரிமை எங்களுக்கு இருக்கிறது என்றார்கள். அவர்கள் அனுப்பிய பெயர், வெற்றி மனப்பான்மை வகுப்பு நடத்துகிற ஒருவர்! கிழமைத் தவணை கட்ட முடியாமல் ஒளித்துத் திரிகிற தாய்மார் முன்வரிசையில் இருக்க, அவர்களுக்கு 'உங்களால் முடியும்' என்று கை தட்டச் சொல்ல ஒரு ஆள். அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மறுத்ததும், அடுத்த வருட நிகழ்ச்சிக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரவுச் சீட்டு. பிறகு வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரிக்குறி மட்டும், எங்கள் செய்தி போய்ச் சேரவே இல்லை. பொலிஸிலும் முதலில், 'இது சிவில் விசயம், வழக்கறிஞரைப் பாருங்கோ' என்றுதான் அனுப்பப் பார்த்தார்கள். போலிக் கையொப்பத்தையும் எழுத்தாளரின் மின்னஞ்சலையும் ஒன்றாக வைத்துக் காட்டிய பிறகுதான் முறைப்பாடு எழுதினார்கள்.

என்ன செய்யவேண்டும் என்று ஆறுதலாக எழுத இப்போது மனநிலை இல்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தாளரில் அநேகருக்கு முகவரே கிடையாது. பதிப்பகத்துக்கோ அவர் எழுதும் பத்திரிகைக்கோ நேரே எழுதுங்கள். முகவர் இருக்கிறார் என்றால், இந்தத் திகதி, இந்த இடம், இந்தக் கட்டணம் என்று பேச்சாளர் தன் மின்னஞ்சலில் இருந்தே உறுதிப்படுத்தட்டும். காசு போக முதல் அவரோடு வீடியோவில் பத்து நிமிடமாவது கதையுங்கள். அவர் பேசப்போகிற விசயத்திலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாவரையான நுண்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது யாருக்கெல்லாம் உதவவில்லை என்று கேட்டால், வடக்கு நுண்கடன் பற்றிப் பேச வருகிறவர் வாய் திறந்து நாலு வார்த்தையாவது சொல்லவேண்டும்.

கொழும்பு நிறுவனம் என்றால் கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். தனியார் கம்பனிப் பதிவிலக்கம் பீ.வீ. (PV) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். கணக்கு அந்தப் பெயரில்தானா என்று வங்கிக் கிளைக்குப் போய்க் கேளுங்கள். மாற்றுப் பேச்சாளர் என்ற வரியை ஒப்பந்தத்தில் கண்டால் வெட்டச் சொல்லுங்கள், பேச்சாளர் வராவிட்டால் முழுக் காசும் இத்தனை நாளுக்குள் என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் அழைப்பிதழ் அச்சடிக்கக் குடுக்கவேண்டாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாள் குறித்துவிட்டு, அறை கிடையாது கெதியாக முற்பணம் போடுங்கோ என்று அவசரப்படுத்தினால் இன்னும் கவனம்.

காசு போய்விட்டதென்றால் அதே நாளே வங்கிக்கு அறிவித்து, இணையக் குற்றங்கள் பற்றி அறிவிக்கக்கூடிய இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) அமைப்பின் 101 இலக்கத்துக்கும் அழையுங்கள். இதே மாதிரி மேலே புள்ளி நிற்கிற கையொப்பத்தோடு உங்கள் சங்கத்துக்கும் கடிதம் வந்திருந்தால், பணம் போட்ட பற்றுச்சீட்டோடு உங்கள் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதி இலக்கத்தை வாங்கிவையுங்கள். நாலைந்து முறைப்பாடு ஒரே கணக்கிலக்கத்தைக் காட்டினால் சிவில் விசயம் என்று திருப்பி அனுப்ப ஏலாது.