புதுப் புல்தரையில் விழுந்த திட்டுகள்: ஒரு நர்சரியின் சீரமைப்புப் பணி

கோவை வடவள்ளிப் பகுதியில் நாங்கள் கட்டிய வீட்டின் முன்புறம், ஏறத்தாழ 600 சதுர அடி இடத்தில், கடந்த பங்குனி மாதம் கொரியன் புல் பதித்தோம். மூட்டு அறுவை செய்துகொண்ட என் தந்தை காலையில் சிறிது நேரம் வெறுங்காலில் நடக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தில் சிமென்ட் தரை போடாமல் விட்டிருந்தோம். வைகாசி முடிவதற்குள் ஆறு இடங்களில் புல் மெலிந்து மண் தெரியத் தொடங்கியது. அந்தத் திட்டுகளைச் சரிசெய்து கொடுத்த நர்சரியின் வேலையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். முதலில் புல் பதித்த நிறுவனம் வேறு. இரு தரப்பின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். எந்த நர்சரியை அழைத்தாலும் எந்த வேலையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்வதே என் நோக்கம்.

முதல் நிறுவனத்திடம் முறையிட்டபோது இரண்டு வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, திட்டு விழுந்த இடங்களில் பர்முடா விதையைத் தூவிவிடுவது. மற்றொன்று, புதிய புல் பாய்களை விலைக்கு வாங்கி மேலேயே ஒட்டுப்போடுவது. பர்முடா என்பது நம் அருகம்புல் இனம்தான். வெயிலில் வேகமாக ஓடிப் படரும். கொரியன் புல் மெதுவாகப் படர்ந்து மெத்தைபோல் அடர்வது. இரண்டையும் கலந்தால் நிறம் ஒட்டாது, இலையின் அகலம் ஒட்டாது, சில மாதங்களில் அருகு கொரியன் புல்லுக்குள் புகுந்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. அந்த யோசனையை நாங்கள் ஏற்காதது நல்லதாயிற்று. ஆனால் அவர்கள் சொன்ன மூன்றாவது ஆலோசனையை ஏற்றுவிட்டோம்: புல் மஞ்சளாகத் தெரிகிறது, ஒரு கை யூரியா வீசுங்கள் என்றார்கள். மாலையில் நீர் பாய்ச்சிய ஈரம் காயும் முன் வீசினோம். குருணைகள் கூடுதலாக விழுந்த இரண்டு இடங்களில் வட்டமாகப் புல் கருகியது. அந்த வட்டத்தைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாகச் செழித்து நின்றது. ஆறு திட்டுகளில் இரண்டு அப்படி வந்தவை.

இரண்டாவது நர்சரியிலிருந்து வந்த பெரியவர் பார்வைக் கட்டணமாக 500 ரூபாய் வாங்கினார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் இந்தச் சேவையிலேயே மிகவும் மதிப்புள்ளது. விலைப்பட்டியலை எடுக்காமல் அவர் களைக்கொத்தை எடுத்தார். சுற்றுச்சுவரை ஒட்டிய திட்டில் புல் பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியதும், தரைவிரிப்பைச் சுருட்டுவது போல அது அப்படியே கையோடு வந்தது. பதித்து இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் ஒரு வேர்கூடக் கீழே இறங்கியிருக்கவில்லை. பாயின் அடியில் அது வளர்ந்து வந்த செம்மண் ஓடுபோல் இறுகியிருந்தது. இரண்டு விரல் ஆழத்தில் களைக்கொத்து ‘டங்’கென்று மோதியது. உடைந்த செங்கல், பூச்சு வேலையில் சிந்தி இறுகிய சிமென்ட் கலவை, ஓட்டுச் சில்லுகள் என வீடு கட்டியபோது மிஞ்சிய அத்தனையும் அங்கே புதைந்து கிடந்தன. "இதுக்குப் புதுப் புல்லு வேண்டாமுங்க. மொதல்ல இதையெல்லாம் அள்ளிக் கொட்டோணும், அதுக்கப்புறந்தான் புல்லு" என்றார். புல்லை விற்றுப் பிழைப்பவர் புல் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை.

புல் பாய்களைப் பாலித்தீன் தாளின்மேல் மெல்லிய செம்மண் அடுக்கில் வளர்த்து வெட்டி எடுத்து வருகிறார்கள். கீழேயுள்ள மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்காமல் பாயை விரித்துவிட்டால், இரு மண்ணும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஊற்றும் நீர் மேல் அடுக்கிலேயே நின்று, வெயிலில் அங்கேயே ஆவியாகிவிடும். வேருக்குக் கீழே இறங்க வேண்டிய தேவையும் இல்லை, வழியும் இல்லை. சிமென்ட் கலந்த மண் காரத்தன்மை மிகுந்ததாதலால், இரும்புச்சத்தைப் புல்லால் எடுத்துக்கொள்ள இயலாமல் இலை வெளிறும். நாங்கள் யூரியா போட்டுத் தீர்க்க நினைத்த மஞ்சள் இதுதான்.

மற்ற திட்டுகளுக்கும் அவர் ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னார். தண்ணீர்க் குழாயிலிருந்து வாசலுக்குக் குறுக்கே நாங்கள் அனைவரும் நடக்கும் தடத்தில் மண் இறுகிவிட்டிருந்தது. அங்கே எந்தப் புல்லை நட்டாலும் நிற்காது, அந்த வழியில் ஓர் எட்டு இடைவெளிக்கு ஒன்றாகக் கடப்பா கல் பதித்துவிடுங்கள் என்றார். ஸ்பிரிங்க்லர் எட்டாத வடகிழக்கு மூலையைக் காட்ட அவர் செய்த சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள எட்டு டம்ளர்களைப் புல்தரையில் ஆங்காங்கே வைத்து, கால் மணி நேரம் நீர் விட்டார். நடுவில் இருந்த டம்ளரில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. மூலையில் இருந்ததில் அடி மட்டும் நனைந்திருந்தது. மாமரத்தடித் திட்டில் நண்பகலில்கூட வெயில் விழவில்லை. அங்கே கொரியன் புல்லைத் திரும்ப நடுவது வீண் என்றும், நிழல் தாங்கும் எருமைப்புல்லை வேண்டுமானால் வைக்கலாம் என்றும் சொன்னார்.

வேலை ஆனித் தொடக்கத்தில் நடந்தது. சுவரோரம் அரை அடி ஆழத்திற்குத் தோண்டிக் கழிவை அகற்றினார்கள். பதினொரு சாக்கு நிரம்பியது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அதனுடன் நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க் கழிவும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பினார்கள். நார்க் கழிவைக் கழுவியதை நான் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்; கழுவாத கட்டிகளில் உப்பு தங்கியிருக்கும், இளம் வேர் அதைத் தாங்காது. கருகிய வட்டங்களில் முதலில் தண்ணீரை நின்று வடியுமாறு பலமுறை விட்டு, எஞ்சிய யூரியாவைக் கரைத்து இறக்கிய பிறகே மண்ணைத் தொட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த வேலை. புதுப் பாய் ஒன்றுகூட வாங்கவில்லை. எங்கள் புல்தரையிலேயே செழித்து அடர்ந்திருந்த பகுதிகளில், உள்ளங்கை அளவுக் கரணைகளை மூன்று விரல் ஆழ மண்ணோடு வெட்டியெடுத்து, திட்டுகளில் நான்கு விரல் இடைவெளி விட்டு, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் கரணை வருமாறு நட்டார்கள். வெட்டிய குழிகளில் அதே மண் கலவையை நிரப்பினார்கள். ஒரே புல் என்பதால் நிறமும் இலையும் ஒன்றாகவே இருக்கின்றன; கரணை எடுத்த குழிகள் இப்போது தேடினாலும் தெரிவதில்லை. நட்டு முடித்ததும் சிறு ரோலரால் ஒருமுறை அழுத்தி, பூவாளியால் நனைத்தார்கள். இரண்டு வாரம் காலையும் மாலையும் நீர் விட வேண்டும் என்றும், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக் காற்று இறங்கும் நாள்களில் நண்பகலிலும் லேசாகத் தெளிக்க வேண்டும் என்றும் சொல்லிச் சென்றார்கள். காற்று வீசும் நாளில் நட்ட கரணை வெயிலில் காய்வதைவிட விரைவாகக் காய்வதை நானே கண்டேன்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளிலிருந்து மூன்று நாள் தாமதமாக வந்தார்கள். அதற்குள் வெட்டி வைத்த சுவரோரம் மழை பெய்து சேறாகியிருந்தது. அவர்கள் கொண்டுவந்த செம்மண் சலிக்கப்படாதது, அதனோடு கோரைக் கிழங்கும் வந்துவிட்டது. மூன்றாம் வாரத்தில் கரணைகளுக்கு நடுவே கோரை முளைத்தது. இலையைப் பிடித்து இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மீண்டும் முளைக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் கம்பியால் கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை என் தாயார் பத்து நாள் செய்தார். தொலைபேசியில் தெரிவித்ததும் ஒரு நாள் ஆள் அனுப்பி உதவினார்கள் என்றாலும், மண்ணைச் சலித்துக் கொண்டுவந்திருந்தால் இந்தப் பாடு நேர்ந்திருக்காது. நீங்கள் இத்தகைய வேலைக்கு யாரை அழைத்தாலும், மண் இறக்கும்போது அருகில் நின்று ஒரு கூடையைக் கொட்டிப் பாருங்கள். உத்தரவாதமாக எதையும் எழுதிக் கொடுக்க மறுத்ததும் எனக்கு உடன்பாடில்லை.

பார்வைக் கட்டணம் நீங்கலாக 6,800 ரூபாய் ஆயிற்று. ஏறத்தாழ 90 சதுர அடித் திட்டுக்கு இது மலிவல்ல. புதுப் பாய் போட்டிருந்தால் இதைவிடக் குறைவாகவே செலவாகியிருக்கும். ஆனால் அந்தப் பாயும் அடுத்த பங்குனியில் அதே செங்கல்லின்மேல் காய்ந்திருக்கும். வீடு கட்டி முடித்த கையோடு புல் பதிக்க நினைப்பவர்கள், பாய்க்கு விலை பேசுமுன் ஒரு கடப்பாரையால் நான்கு இடங்களில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அரை அடி எளிதாக இறங்காத இடத்தில் புல் பதிக்க ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது சுவரோரக் கரணைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. இப்போது இரண்டு அங்குல உயரம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டுகிறோம், யூரியாவைத் தொடுவதில்லை. மாமரத்தடியில் எருமைப்புல்லும் வைக்கவில்லை. அங்கே ஒரு கல் இருக்கை போட்டுவிட்டோம். தந்தை நடந்து களைத்தால் அதில்தான் அமர்கிறார்.