கல்லடைப்புக்கு சிடி ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

உங்கள் வீட்டில் யாருக்காவது கல்லடைப்பு சந்தேகம் என்று டாக்டர் சிடி எழுதிக் கொடுத்தால், சீட்டில் 'ப்ளெயின்' (மருந்து ஏற்றாமல் எடுப்பது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கவுன்டரில் யார் என்ன சொன்னாலும் அதை மாற்ற விடாதீர்கள். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் என் தாய்மாமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். புகார் கொடுக்கப் போவதால் சென்டர் பெயரை இங்கே போடவில்லை.

மாமாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரை, காலையில் இன்சுலின். விடிகாலையில் இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தொடை இடுக்கு வரை இறங்கி, வாந்தியும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் வலி ஊசி போட்டுவிட்டு, 'சிடி கேயூபி ப்ளெயின்' எழுதினார்கள். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றையும் மருந்து ஏற்றாமல் எடுக்கிற படம் அது. படுத்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஸ்கேன் சென்டர் கவுன்டரில் இருந்த தம்பி சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "ப்ளெயின்ல பாதிக் கல்லு தெரியாது அண்ணாச்சி. மருந்து போட்டு எடுத்தாத்தான் பளிச்சுன்னு காட்டும். டாக்டர் அவசரத்துல எழுதியிருப்பாங்க."

அப்பட்டமான பொய். கல்லைப் பார்க்க மருந்தில்லாத சிடிதான் முதல் தரமான சோதனை. சாதா எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் ஆசிட் கல்கூட அதில் தெரியும். தப்புவது எச்ஐவிக்குக் கொடுக்கும் இன்டினாவிர் மருந்தால் உண்டாகும் கல் போன்ற அபூர்வ வகைகள்தான். கான்ட்ராஸ்ட் என்கிற அந்த மருந்து சிறுநீரோடு இறங்கும்போது படத்தில் குழாயே வெள்ளையாகிவிடும், கல்லும் வெள்ளை. "தயிர்ச்சோத்துல வெள்ளைக் கல்லைத் தேடச் சொல்லுதாங்க" என்று பின்னால் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப்பாதை டாக்டர்) தலையில் அடித்துக்கொண்டார்.

சுவரில் ப்ளெயினுக்கு எழுதியிருந்த விலை 3,500 ரூபாய். வாங்கியது 7,800. மருந்துக்கென்று ரசீது இல்லாமல் இன்னொரு 1,200. வலியில் நெளிகிற மனிதரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு யார் பேரம் பேச முடியும்?

பணத்தைவிட எனக்குக் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில். கான்ட்ராஸ்ட் என்பதால் நாலு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர்கூடக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். காலையில் இன்சுலின் போட்டவர். வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்த பிறகு அத்தைதான் சண்டை போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கல்லுக்கான ப்ளெயின் சிடிக்குப் பொதுவாகப் பட்டினி தேவையே இல்லை. தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

அயோடின் கலந்த அந்த மருந்தை நரம்பில் ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். அலர்ஜி உண்டா, ஆஸ்துமா உண்டா, மெட்ஃபார்மின் எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். வாந்தியெடுத்து நீர் வற்றிய, சிறுநீரகம் அடைத்திருக்கக்கூடிய சர்க்கரை நோயாளியிடம் இதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

வந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது? 'இடது சிறுநீரகம் லேசாக வீங்கியுள்ளது, கல் இருக்கக்கூடும்.' கல் எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எதுவும் கிடையாது. படங்கள் இருக்கிற சிடி தட்டுக்குத் தனியாக 300 ரூபாய். அதை வாங்கிப் போட்டுப் பார்த்த யூராலஜிஸ்ட், மருந்துக்கு முந்தைய படங்களே எடுக்கவில்லை என்றார். எல்லாமே மருந்து குழாயில் இறங்கிய பிறகு எடுத்தவை.

மறுபடி ஸ்கேன். இந்த முறை அரசு மருத்துவமனையில், தனியாரில் கொடுத்ததோடு ஒப்பிட்டால் சொற்பக் காசுக்கு. அங்கே மல்லாக்க எடுத்ததோடு, குப்புறப் படுக்க வைத்தும் எடுத்தார்கள். கல் சிறுநீர்ப்பைக்குள் விழுந்திருந்தால் புரளும்போது இடம் மாறும். குழாயின் வாசலில் சிக்கியிருந்தால் நகராது. நகரவில்லை. 6 மி.மீ., குழாய் சிறுநீர்ப்பையில் சேருகிற இடம். கல்லின் அடர்த்தியையும் எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாமா என்று முடிவெடுக்க அந்த எண் வேண்டும். மாத்திரையில் கல் வெளியே வந்துவிட்டது, மாமா நலம்.

ஆனால் தேவையில்லாத ஒரு கதிர்வீச்சு உடம்பில் ஏறியது ஏறியதுதான். குறைந்த டோஸில் கல் ஸ்கேன் எடுத்தால் சுமார் 3 மில்லிசீவர்ட். உலக சராசரியாக ஒரு மனிதர் வருடம் முழுக்க இயற்கையில் வாங்குவதே 2.4. சாதா டோஸில் எடுத்தால் குறைந்த டோஸைப்போல மூன்று மடங்கு வரை போகும். அதனால் 'லோ டோஸ்ல எடுப்பீங்களா' என்று தயங்காமல் கேளுங்கள். கல் அடிக்கடி வருகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

கான்ட்ராஸ்டே மோசம் என்று சொல்லவில்லை. கட்டி, சீழ் என்று சந்தேகம் இருந்தால் அது வேண்டும்; அதை எழுத வேண்டியவர் டாக்டர், கவுன்டர் தம்பி அல்ல. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் ஸ்கேன் சென்டர் வரிசையில் நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைத்த சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ரசீது, டாக்டர் சீட்டு, இரண்டு ரிப்போர்ட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சென்டர் மேனேஜரைப் பார்த்தேன். மருந்துப் பணம் 1,200ஐத் திருப்பித் தருகிறாராம், நான் கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட வேண்டுமாம். எடுக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். சேவைக்காகக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி சீட்டை மாற்றி ஸ்கேன் எடுக்க வைத்தவர்கள் திருநெல்வேலிப் பக்கம் இருந்தால், ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.