8 கிலோவாட் பெல்லட் ஸ்டவ்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

பிரான்ஸில் 2022 ஜூலை 1 முதல் வீடுகளில் புதிதாக எண்ணெய் பாய்லர் பொருத்த முடியாது. பழைய பாய்லர் பழுதானதும் பலர் நேராகப் போய் நிற்பது பெல்லட் ஸ்டவ் விற்கும் கடையில். மரத்தூளை அழுத்திச் செய்த 6 மி.மீ. தடிப்புக் குச்சிகளை எரித்து அறையைச் சூடாக்கும் கணப்பு அடுப்பு இது. கடையில் இருப்பவை பெரும்பாலும் இத்தாலியத் தயாரிப்புகள். இங்கே மதிப்பிடுவது 6 முதல் 8 கிலோவாட் திறன் கொண்ட, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து குழாய் வழியே எடுத்துக்கொள்ளும் மூடிய வகை. பணத்துக்குப் பெறுமதியான கருவிதான். ஆனால் இதன் உயிர் காற்றில் இருக்கிறது. வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை காற்று போகும் வழி அடைபட்டதாலோ, போகக்கூடாத வழியில் காற்று நுழைந்ததாலோ வருபவை. இதைப் புரிந்துகொண்டு வாங்குகிறவருக்கு மெக்கானிக் செலவு குறையும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சூடான காற்றை ஊதும் ஸ்டவ், பாய்லருக்கு முழு மாற்று ஆகாது. குளிக்க வெந்நீரும் தராது, ரேடியேட்டர்களையும் சூடாக்காது. அதற்குத் தண்ணீர் சுற்றும் வகை தனியாக இருக்கிறது; விலையும் வேலையும் வேறு. காற்று வகை, வைத்த அறையையும் கதவு திறந்திருக்கும் பக்கத்து அறையையும் நன்றாகச் சூடாக்கும். மாடிப் படுக்கையறைக்கு மின்சார ரேடியேட்டர் ஒன்றை விட்டுவைப்பதே நல்லது.

வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு, தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவது. சுவரிலும் கூரையிலும் வெப்பக்காப்பு சரியாகச் செய்த வீட்டில் கடுங்குளிர் நாளில் சதுர மீட்டருக்கு 50 வாட் போதும். காப்பில்லாத பழைய வீட்டில் 100 வாட் வரை போகும். 100 சதுர மீட்டர் வீட்டுக்கு அது 5 முதல் 10 கிலோவாட். ஆனால் அந்தக் கடுங்குளிர் வருடத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் ஸ்டவ் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்யவேண்டியிருக்கும். 12 கிலோவாட் ஸ்டவ்வை வைத்தால் அரை மணியில் அறை சூடேறி அணைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றும். ஒவ்வொரு பற்றவைப்பும், மின்சாரத்தில் சூடேறி பெல்லட்டைப் பற்றவைக்கும் இக்னைட்டரைத் தேய்க்கும், கண்ணாடியைக் கறுப்பாக்கும், நெருப்பு நிலைப்படும் வரை புகையைக் கூட்டும். அதனால் விளம்பரத் தாளில் உள்ள அதிகபட்சத் திறனைவிடக் குறைந்தபட்சத் திறனைப் பாருங்கள். 2.5 கிலோவாட் அல்லது அதற்கும் கீழே இறங்கக்கூடியது என்றால் மார்ச் மாதத்திலும் அணையாமல் மெல்ல எரியும்.

கணக்கு எளிது. நல்ல பெல்லட் கிலோவுக்கு ஏறக்குறைய 4.8 கிலோவாட்-மணி தரும். அதில் 90 சதவீதம் அறைக்கு வருகிறது என்று வைத்து 8 கிலோவாட் எடுத்தால் மணிக்கு 1.85 கிலோ போகும்; 2.5 கிலோவாட்டில் 0.6 கிலோ. 15 கிலோ தொட்டி முழு வேகத்தில் எட்டு மணி நேரம், மெல்ல எரித்தால் ஒரு நாள் முழுக்க வரும். எண்ணெயோடு ஒப்பிட, 2 கிலோ பெல்லட் ஒரு லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிராண்டைப் பொறுத்தவரை ஒரு உள்விஷயம். இத்தாலிய ஸ்டவ்கள் பலவற்றின் வெளித்தோற்றம்தான் வேறு வேறு. உள்ளே கன்ட்ரோல் போர்டு மைக்ரோநோவாவாக இருக்கும், புகையை இழுக்கும் ஃபேன் ஈபிஎம்-பாப்ஸ்ட்டாக இருக்கும், தொட்டியிலிருந்து பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளும் திருகை ஓட்டும் மோட்டார் கென்டாவாக இருக்கும். இது குறையே அல்ல, பெரிய வசதி. பத்து வருடம் கழித்து அந்த மாடல் நின்றுபோனாலும் பாகம் வெளியில் கிடைக்கும். கடைக்காரரிடம் இந்த மூன்றும் யாருடையவை என்று கேளுங்கள். தங்களுக்கென்றே தனியாகச் செய்த போர்டு என்றால், உதிரிபாகம் எத்தனை வருடம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கூடவே, கடையில் ஓடும் ஸ்டவ்வை முதல் வேகத்தில் வைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். ஃபேனின் இரைச்சலும், திருகு சுற்றும்போது வரும் ‘டக்’ ஒலியும், பெல்லட் இரும்பில் விழும் சத்தமும் இரவில் வரவேற்பறையில் எப்படிக் கேட்கும் என்பது அப்போதுதான் தெரியும். அறைக்குள் காற்றை ஊதும் ஃபேன் இல்லாமல் இயற்கையாகவே வெப்பம் தரும் மாடல்கள் விலை கூடியவை. வரவேற்பறையில் படுக்கிறவர் இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

பொருத்துவதை, எந்தக் காரணம் கொண்டும், கைதெரிந்த நண்பரிடம் விடாதீர்கள். அரசு உதவித்தொகைக்கு ஆர்ஜிஈ (RGE) என்ற பிரெஞ்சுத் தகுதிச் சான்றுள்ள நிறுவனம் வேண்டும், வீட்டுக் காப்புறுதிக்கும் அந்த நிறுவனத்தின் ரசீது வேண்டும். புகைக்குழாய் உள்விட்டம் பொதுவாக 80 மி.மீ. அது கூரைக்கு மேலே, முகட்டைவிட 40 செ.மீ. உயரத்தில் முடிவதே சிறந்தது. சுவரில் ஓட்டை போட்டு நேராக வெளியே விடுவது மலிவு என்று சொல்வார்கள். சட்டம் அதைச் சில நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கிறது. அதைவிட முக்கியம், மின்சாரம் போகும் நேரம். பெல்லட் ஸ்டவ்வில் புகையை இழுப்பது ஃபேன். மின்சாரம் நின்றால் ஃபேனும் நிற்கும், பெல்லட் எரியும் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் நெருப்பு புகைந்துகொண்டே இருக்கும். மேல்நோக்கிப் போகும் குழாய் என்றால் அந்தப் புகை தானாக மேலேறிவிடும். படுத்த குழாயில் அது வீட்டுக்குள் திரும்பலாம். ஓடுகிற ஸ்டவ்வின் பிளக்கைப் பிடுங்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

அடுக்களை ஹூட்டையும் மறக்கவேண்டாம். தாளிப்பு மணம் சோபாவில் ஏறாமல் இருக்க நம் வீடுகளில் ஹூட் முழு வேகத்தில்தான் ஓடும். மணிக்கு 600 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் ஹூட்டுக்கு முன்னால், மணிக்கு 20 கன மீட்டர் அளவே காற்று கேட்கும் ஸ்டவ் நிற்கமுடியாது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால் ஹூட் ஸ்டவ்வின் புகையையே வீட்டுக்குள் இழுக்கும். மூடிய வகை ஸ்டவ் எடுத்து, வெளிக்காற்றுக் குழாயைக் கட்டாயம் இணையுங்கள். அப்போதும் ஹூட் ஓடும்போது ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்துவைப்பது நல்ல பழக்கம். ஜெர்மனியில் புகைபோக்கி அதிகாரி, ஜன்னல் திறந்தால் மட்டுமே ஹூட் ஓடும்படி ஸ்விட்ச் வைக்கச் சொல்வதுண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை அதே அறையில் மாட்டுங்கள்.

பெல்லட் விஷயத்தில் மூட்டையில் ஈஎன்பிளஸ் ஏ1 முத்திரையும் அதன் கீழே சான்று எண்ணும் இருக்கவேண்டும். ஏ1 என்றால் ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள். அதாவது ஒரு டன் எரித்தால் 7 கிலோவுக்கு மேல் சாம்பல் வராது. மரப்பட்டை கலந்த மலிவுப் பெல்லட்டில் சாம்பல் உருகிக் கட்டியாகி, எரிகிண்ணத்தின் அடியில் கண்ணாடி போல ஒட்டிக்கொள்ளும். நிறத்தை வைத்துத் தரம் பார்க்காதீர்கள். வெளுப்பும் பழுப்பும் மரத்தைப் பொறுத்தது. மூட்டையைத் தலைகீழாக்கி அடியில் சேர்ந்திருக்கும் தூளைப் பாருங்கள். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரில் நாலைந்து குச்சிகளைப் போடுங்கள். மூழ்கி, சில நிமிடங்களில் ஊதிப் பிரிந்து மரத்தூளானால் நல்லது. மிதந்தால் அழுத்தம் போதவில்லை.

2022-ல் ரஷ்ய, பெலாரஸ் பெல்லட் வரத்து நின்றபோது விலை இரண்டு மடங்காகி, அந்த வருட முடிவில் பிரெஞ்சு அரசே மரம் எரிக்கும் குடும்பங்களுக்கு 50 முதல் 200 யூரோ வரை உதவிச் சீட்டு கொடுத்தது. கோடையில் வாங்கி வைப்பது இன்னமும் லாபம்தான். முதலில் ஐந்தாறு மூட்டை வாங்கி எரித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு தட்டு, அதாவது 15 கிலோ மூட்டை 65 முதல் 70 வரை, எடுங்கள். ஈரமில்லாத, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்குங்கள். பெல்லட் தானாகவே கார்பன் மோனாக்சைடு விடும். பெரிய கிடங்குகளிலும் கப்பல் அறைகளிலும் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. படுக்கையறை பக்கத்தில் இறுக மூடிய அறை இதற்கு இடமல்ல.

இனி பராமரிப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அளவேயுள்ள எரிகிண்ணம். அதன் அடியிலும் பக்கத்திலும் சிறு துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியேதான் காற்று ஏறி, பெல்லட்டைக் கிண்ணத்துக்குள் குதிக்கவைத்து எரிக்கும். இரண்டு மூட்டைக்கு ஒருமுறையாவது, முடிந்தால் தினமும், ஸ்டவ் முழுக்க ஆறிய பின் கிண்ணத்தை வெளியே எடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரியவேண்டும். தெரியாத துளையை ஒரு ஸ்குரூடிரைவர் நுனியால் குத்தித் திறங்கள். பக்கத்தில் உள்ள பெரிய துளை இக்னைட்டருக்கு நேரானது, அது அடைந்தால் பற்றாது. கிண்ணம் உட்காரும் இடத்தையும் துடையுங்கள். அங்கே ஒரு சிட்டிகைச் சாம்பல் இருந்தால் கிண்ணம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், காற்று துளை வழியே போகாமல் இடைவெளி வழியே ஓடிவிடும்.

சரியான நெருப்பைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். குட்டையாக, துடிப்பாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். கிண்ணத்தில் பெல்லட் அதிகம் தேங்காது. நெருப்பு நீண்டு, செம்மஞ்சளாகச் சோம்பி, நுனி கறுத்துக் கண்ணாடியைத் தொட்டால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கண்ணாடியில் வெளிர் சாம்பல் படிவது வழக்கம்தான், ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். கறுப்பாகப் பிசுபிசுப்பாகப் படிந்தால் கிண்ணம், கதவு, புகைக்குழாய் மூன்றையும் பாருங்கள். கதவுக்குக் காகிதச் சோதனை போதும். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கி வந்தால், கதவைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கண்ணாடி இழைக் கயிற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வாரம் ஒருமுறை சாம்பல் தட்டைக் காலிசெய்து, உள்ளறையைச் சாம்பலுக்கென்றே உள்ள வேக்குவம் கிளீனரால் இழுங்கள். வீட்டு வேக்குவத்தில் இழுத்தால் மறைந்திருக்கும் தணல் பையைப் பற்றவைக்கும். சுமார் ஒரு டன் எரித்த பிறகு தொட்டியை முழுக்கக் காலியாக்கி அடியில் தேங்கிய தூளை எடுங்கள். திருகு சிக்குவது இந்தத் தூளால்தான். புகைக்குழாயின் அடியில் உள்ள டி வடிவ இணைப்பின் மூடியைத் திறந்தால் ஒரு கைப்பிடிக்கு மேல் சாம்பல் இருக்கும், அதையும் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை குழாயைத் துடைப்பதும் கருவியைச் சோதிப்பதும் கட்டாயம். சான்றிதழை வைத்திருங்கள், தீவிபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். வருகிறவர் புகை ஃபேனைக் கழற்றி, அதன் இறக்கைகளையும் பின்னால் உள்ள அறையையும் சுத்தம் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முன்பக்கத்தை மட்டும் இழுத்துவிட்டுப் போகும் சர்வீஸுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

‘பற்றவில்லை’ என்று அலாரம் வந்தால் முதலில் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெல்லட்டை வெளியே கொட்டுங்கள். கொட்டாமல் மறுபடி ஸ்டார்ட் செய்தால் குவியல் முழுவதும் புகைந்து, அந்தப் புகை ஒரே நொடியில் பற்றிக் கண்ணாடியையே உடைக்கலாம். இதைவிட ஆபத்தான பழக்கம் இந்த ஸ்டவ்வில் வேறில்லை. தொலைவிலிருந்து போன் வழியே பற்றவைக்கும் வசதியை நாம் பரிந்துரைக்காததும் இதனால்தான். கொட்டிய பெல்லட்டையும் தொட்டியில் திரும்பப் போடாதீர்கள், உள்ளே தணல் இருக்கலாம். துளைகள் சரி, பெல்லட் விழுகிறது, ஆனாலும் பற்றவில்லை என்றால் இக்னைட்டர். பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரால் அளந்தால், 230 வோல்ட்டில் 300 வாட் இக்னைட்டர் 176 ஓம் அளவில் காட்டவேண்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது.

பிரஷர் அலாரம் என்றால் கதவு சரியாக மூடவில்லை, குழாய் அடைத்திருக்கிறது, அல்லது காற்றழுத்தத்தைக் கவனிக்கும் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய சிலிக்கோன் குழாயில் சாம்பல் புகுந்திருக்கிறது. அந்தக் குழாயை ஊதும் முன் ஸ்விட்சிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊதும் காற்றே ஸ்விட்சைக் கெடுத்துவிடும். தொட்டிப் பக்கம் அதிகச் சூடேறினால் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் திருகு மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும். பின்பக்கம் சிறு மூடிக்குக் கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் திரும்ப ஓடும். ஆனால் ஏன் சூடேறியது என்பதைக் கண்டுபிடிக்காமல் இரண்டாவது தடவை அழுத்தவேண்டாம்; பெரும்பாலும் அறை ஃபேன் தூசியால் நின்றிருக்கும்.

ஏப்ரல் கடைசியில் நிறுத்தும்போது தொட்டியிலும் திருகிலும் ஒரு குச்சிகூட மிச்சமில்லாமல் எரித்து முடியுங்கள். கோடை ஈரத்தை உறிஞ்சி ஊதிய பெல்லட் திருகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அக்டோபரில் முதல் குளிர் இரவில் மோட்டார் முனகும், சுற்றாது.