பிள்ளைகளுக்கான பல் கிளினிக், வெள்ளவத்தை: ஐந்துக்கு நான்கு

காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. ஏசி, மீன் தொட்டி, சுவர் நிறையக் கார்ட்டூன் எல்லாம் உண்டு, அவற்றுக்கு நான் புள்ளி எதுவும் போடவில்லை. புள்ளி முழுக்க டொக்டர் பிள்ளையோடு கதைக்கும் விதத்துக்குத்தான்.

மகளுக்கு ஏழு வயது. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் வரும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல், அது விழுந்து முளைக்காது. பால்பல்தானே என்று பலர் விட்டுவிடுவார்கள். அதில்தான் சூத்தை. வழியெல்லாம் அம்மம்மா "ஒண்டுமில்லை பிள்ளை, நுளம்பு கடிக்கிற மாதிரித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே போனால் மகள் கதிரையில் ஏறமாட்டேன் என்று ஒரே அழுகை. "பெரிய பிள்ளை அழலாமா" என்று நாங்கள் தொடங்க, டொக்டர் கையைக் காட்டி எங்களை நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டார்: "பயமா இருக்கா மகள்? இருக்கும்தான். எது கூடப் பயம், சத்தமா, ஊசியா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே "சத்தம்" என்றாள். வீட்டில் எல்லோரும் ஊசி என்றே நினைத்திருந்தோம்!

அப்புறம் மெஷினை வாய்க்கு வெளியே ஓடவிட்டுக் காட்டினார், பல் துலக்கும் சின்னப் பிரஷ்ஷை அவள் நகத்தில் வைத்துச் சுழற்றினார், பிறகுதான் வாய்ப் பக்கம் போனார். முதலில் சொல், பிறகு காட்டு, அதன்பின் செய் என்ற இந்த முறை 1959இலேயே பல் மருத்துவத்தில் எழுதப்பட்டது, புதுமை ஒன்றுமில்லை, ஆனால் வெளியே நம்பர் எடுத்தவர்கள் வரிசையாக இருக்கும்போது யார் இவ்வளவு மினக்கெடுகிறார்கள்? ஊசிக்கு "வலிக்காது" என்று சொல்லவே இல்லை. "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். நிப்பாட்டச் சொல்ல வேணுமெண்டா இடது கையைத் தூக்குங்க" என்றார். மகள் சும்மா சோதித்துப் பார்க்கவே ஒருமுறை தூக்கினாள். உண்மையிலேயே நிறுத்தினார். அதோடு அழுகை போய்விட்டது, பல்லும் அடைத்தாயிற்று.

இதை அதிகம் கவனித்தது அம்மம்மாதான் போல. பிறகொருநாள் காலிமுகத்திடலில் மகனின் பட்டம் அறுந்து கடலுக்குப் போய், அவன் கத்தித் தீர்த்தபோது, வழக்கமான "விடு, வேற வாங்கலாம்" வரவில்லை. "ஆசையா வச்சிருந்தது, கவலையாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்துகொண்டார். வேறு பட்டம் வாங்கிக் கொடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அவர் மடியில் கிடந்துவிட்டு எழும்பி இஸ்ஸோ வடை கேட்டான்.

குறைகள்: பார்க்கிங் கிடையாது. சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணித்தியாலமாவது பிந்தும், கட்டணமும் மலிவில்லை. கவுண்டரில் இருப்பவர் அழும் பிள்ளைகளிடம் "ஷ்ஷ், டொக்டர் ஏசுவார்" என்கிறார், முதலில் இவரைத்தான் அந்தக் கதிரையில் ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை போகாதீர்கள், கிழமை நாள் பரவாயில்லை. பிள்ளைக்கு முன்கூட்டியே சாப்பாடு கொடுத்துவிடுங்கள், வாய் விறைத்திருக்கும்போது சாப்பிட்டால் உதட்டைக் கடித்துவிடும்.