ஜிப்சியை உயர்த்தக் கொடுப்பவர்களுக்கு: புது ஷாஃப்ட் என்று பில், வண்டியில் இருந்தது வெட்டி ஒட்டியது

தாண்டிக்குடி மலைச்சரிவில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டம் வரைக்கும் உள்ள மண்பாதை ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அரித்துப் போய், நடுவில் பாறை துருத்திக்கொண்டு நிற்கும். என்னுடைய 2004ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி கிங் ஜீப் அந்தப் பாறைகளில் ஏறும்போதெல்லாம் அடிவயிறு தட்டியது. ஒருமுறை டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அடியில் கீறல் விழுந்து ஆயில் கசிந்தது. ஆகவே வண்டியை உயர்த்துவதற்காக, மலைப்பாதை வண்டிகளுக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொண்ட வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கடந்த ஆண்டு விட்டேன். ரூபாய் 1,65,000 கொடுத்துத் திரும்பப் பெற்ற அந்த வண்டி, மலையிறக்கத்தில் என் மகனையும் என்னையும் கொன்றிருக்கக்கூடும். அதே வேலைக்கு வண்டியைக் கொடுக்க எண்ணுகிறவர்கள் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பேசிய வேலை இதுதான். ஜிப்சியில் பாடியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) கீழே இருக்கும். அவற்றை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைத்தால் பாடி சுமார் 12 செ.மீ. உயரும். அதோடு டிரான்ஸ்ஃபர் கேஸை இன்னும் 5 செ.மீ. மேலே தூக்கிக் கட்டி அடிப்பகுதியைச் சமதளமாக்குவது, 205/70 R15 டயருக்குப் பதில் 235/75 R15 போடுவது, உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் முன்னும் பின்னும் புது புரொப்பல்லர் ஷாஃப்ட் (இழுவையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு) செய்து கொடுப்பது. "அடியில ஒண்ணுமே தட்டாது சார்" என்று பட்டறைக்காரர் உறுதி சொன்னார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வேறு பல ஜீப்புகளைப் போல் ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை. தனியாக நடுவில் தொங்கும். கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டி ஷாஃப்ட், அதிலிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று மூன்று ஷாஃப்ட்டுகள் ஓடுவதால் ஒவ்வொன்றும் நீளம் குறைந்தது. கணக்குக்காக, கிடைமட்டத்தில் 60 செ.மீ. தூரத்தை எட்ட வேண்டிய ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை 12 செ.மீ. உயர்ந்தால் சாய்வு ஏறத்தாழ 11 டிகிரி, 17 செ.மீ. உயர்ந்தால் ஏறத்தாழ 16 டிகிரி. வண்டியை உயர்த்தும்போதே சாய்வு ஏறிவிடுகிறது. அதன்மேல் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தூக்கினால் அது இன்னும் ஏறும். ஷாஃப்ட்டின் முனையில் மடங்கும் இணைப்பாக உள்ள கிராஸ் ஜாயிண்ட் சாய்வில் சுழலும்போது ஒரே சீரான வேகத்தைக் கொடுப்பதில்லை; ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், 16 டிகிரியில் அது சுமார் 4 சதவீதம் வரை போகும். மறுமுனையில் உள்ள கிராஸ் அதே சாய்வில், அதே வரிசையில் இருந்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். இதனால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்சும் (ஷாஃப்ட்டை மாட்டும் தட்டு) பின் ஆக்சில் பினியனின் (ஷாஃப்ட்டின் சுழற்சியை வாங்கும் பல்சக்கரம்) ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இவ்வளவையும் வண்டி கெட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

வண்டியை எடுத்து வந்த அன்றே 45 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் கியர் லீவர் கையில் நடுங்கியது. டயர் புதிது, அப்படித்தான் இருக்கும், 500 கி.மீ. ஓடினால் சரியாகிவிடும் என்று போனில் சொன்னார்கள். நம்பினேன். இரண்டாவது வாரம் தோட்டத்துப் பாதையில் ஒரு பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கிய நேரத்தில், அடியில் இரும்பை இரும்பால் அடித்த சத்தம் கேட்டது. அதன் பிறகு வண்டிக்குப் பின் இழுவை இல்லை. முன் இழுவையை மட்டும் வைத்துக்கொண்டு, ஊர்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தோம்.

வத்தலக்குண்டில் எங்கள் குடும்ப வண்டிகளை முப்பது வருடமாகப் பார்க்கும் மேஸ்திரி ஒருவர் வண்டியைப் பிட்டில் ஏற்றினார். பின் ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய இடம் கொடுக்கும் வழுக்கும் பல்முனை, உள்ளே இருக்க வேண்டிய நீளத்தில் இல்லாமல், சக்கரம் தொங்கியபோது வெளியே உருவிக்கொண்டு வந்திருந்தது. அவர் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பெஞ்சில் கிடத்தி, மேலே பூசியிருந்த கறுப்புப் பெயிண்ட்டைக் கம்பி பிரஷால் தேய்த்தார். குழாயின் நடுவே சுற்றிலும் ஒரு வெல்டிங் தழும்பு தெரிந்தது. ஒரு முனைக் காதின் மையத்திலிருந்து சாக்பீஸால் மறுமுனைக்கு நேர்கோடு போட்டார். அந்தக் கோடு மறுமுனைக் காதின் மையத்தில் சேராமல், விரல் அகலத்துக்கும் அதிகமாக விலகிப் போயிற்று. "தம்பி, இது புது ஷாஃப்ட்டு இல்ல. ஒங்க பழச வெட்டி, நடுவுல துண்டு வச்சு ஒட்டிருக்காங்க. ஒட்டுனதும் கோணல்" என்றார். சுழலும்போது அதிராமல் இருக்கப் பேலன்ஸ் எடை ஒட்டிய அடையாளம் எங்குமே இல்லை. பில்லில் "புரொப்பல்லர் ஷாஃப்ட் புதிது 2" என்று எழுதி ரூபாய் 38,000 வாங்கியிருந்தார்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸைத் தூக்கிக் கட்டிய பிராக்கெட்டுகளும் கண்ணளவில்தான் வெல்டிங் செய்யப்பட்டிருந்தன; பின் ஃபிளாஞ்சுக்கும் பினியனுக்கும் சாய்வில் 6 டிகிரி வித்தியாசம் இருந்தது. முன் ஆக்சிலிலோ பினியனை மேலே திருப்பிவிட்டிருந்தார்கள். முன் ஹவுசிங்கைத் திருப்பினால் சக்கரத்தின் கேஸ்டரும் (ஸ்டியரிங்கை நேர்நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் சாய்வு) சேர்ந்து குறையும் என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பாததற்குக் காரணம் அதுதான்.

இவற்றையெல்லாம்கூட நான் மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது பிரேக் ஆயில் போகும் குழாய், பிரேக் ஹோஸ். பாடி 12 செ.மீ. உயர்ந்த பிறகும் பழைய ரப்பர் ஹோஸையே விட்டிருந்தார்கள். பின் ஆக்சிலைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது அது வீணைக் கம்பி போல விறைத்து நின்றது. உலோக முனையின் அருகே ரப்பர் வெடித்து உள் நூல் தெரிந்தது. அந்த வண்டியில்தான் மகனை உட்கார வைத்து இரண்டு வாரம் மலை இறங்கியிருக்கிறேன்.

பட்டறைக்குப் புகைப்படங்களோடு போனேன். முதலில் "ஓவர்லோடு ஏத்திருப்பீங்க" என்றார்கள். வெல்டிங் தழும்பைக் காட்டியதும், எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பேச்சு மாறியது. கழற்றிய பழைய ஷாஃப்ட்டுகள் எங்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அவை என் வண்டியிலேயே மாட்டப்பட்டிருக்கும்போது என்ன பதில் சொல்ல முடியும்? ஷாஃப்ட் பணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்திருக்கிறேன். ஆனால் என் பக்கத்திலும் ஒரு குறை இருப்பதை மறைக்க மாட்டேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தப் பட்டறைக்காரர்கள் வாடிக்கையாளரை மிரட்டுவதற்கு வைத்திருக்கும் ஆயுதமும் அதுவே. "கேஸ் போட்டா ஒங்க வண்டிதான் மொதல்ல மாட்டும்" என்று என்னிடமும் சொன்னார்கள். அதற்காகப் பொய் பில்லும் வெடித்த ஹோஸும் நியாயமாகிவிடாது.

மேஸ்திரி செய்த முதல் வேலை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பழைய இடத்துக்கே இறக்கியது. பாடி உயர்ந்தபோது அதுவும் கூடவே 12 செ.மீ. உயர்ந்துவிட்டது, அதற்கும் மேல் 5 செ.மீ. எனக்குத் தேவையாகவே இருந்ததில்லை. அடியில் 6 மி.மீ. தகடு ஒன்றைக் கட்டினோம், அதன்பின் அது ஒருமுறைகூடத் தட்டவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எவ்வளவு உயர்த்தினாலும் கிரவுன் ஹவுசிங் (ஆக்சிலின் நடுவே புடைத்திருக்கும் பல்சக்கரக் கூடு) தரையிலிருந்து உயராது, டயர்தான் அதை உயர்த்தும். இந்த டயர் மாற்றத்தில் எனக்குக் கிடைத்தது 3.3 செ.மீ. மட்டுமே. அதற்கு விலையாக கியர் விகிதம் ஏறத்தாழ 10 சதவீதம் கனத்துவிட்டது, அதாவது எஞ்சினுக்கு அவ்வளவு பாரம் கூடிவிட்டது. ஏற்றத்தில் கிளட்ச் படும் பாட்டை இப்போது உணர்கிறேன்.

வண்டியைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கழற்றும் பழைய ஷாஃப்ட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புதியவற்றைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பும், பேலன்ஸ் செய்த இடத்தின் பில்லோடும் பாருங்கள். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் வண்டியைத் தூக்கி, நான்கு சக்கரங்களையும் முழுதாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பிரேக் ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள். எந்தச் சக்கரத்திலாவது அது விறைத்திருந்தால் சாவியை வாங்காதீர்கள்.